பீல் ஆற்றின் பங்கு

ஜனவரியில் டாம்வொர்த் போகிறவர்கள் பாட்டுக்காகப் போகிறார்கள். தெருவெல்லாம் கன்ட்ரி இசை விழா. அந்த ஊரை ஒட்டி ஓர் ஆறு ஓடுவதைக் கவனிப்பவர்கள் குறைவு. அதன் கரையில் வளர்ந்த எனக்கு அது பெரிய மனக்குறை.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், நண்டில் ஊருக்குத் தெற்கே மலையில் பிறக்கிறது பீல். 1850களில் பொன் தேடிக் கூட்டம் குவிந்த நண்டில் இன்று அமைதியான சிற்றூர். அதைத் தாண்டினால் 1979இல் கட்டிய சாஃபி அணை. பிறகு வூலோமின், டங்கோவன், இரு பக்கமும் குதிரை மசால் வயல்கள். மேலே ஆறு அவ்வளவுதான்.

டாம்வொர்த்தில்தான் அது என் ஆறு. கரையோரம் ஆற்றுச் சவுக்குகள். நம் கடற்கரைச் சவுக்குக்கு நெருங்கிய உறவு, காற்றில் அதே இரைச்சல். அப்பாவுக்கு அங்கே மருத்துவமனையில் வேலை. வீடு மேற்குக் கரையில், பாட்டு நடக்கும் பீல் தெரு கிழக்குக் கரையில். ஆகவே விழாவுக்குப் போவதென்றால் எங்களுக்கு ஆற்றைக் கடப்பதுதான். வெயில் தாழ்ந்ததும் பாலத்தில் நடப்போம். கீழே ஆற்றோர விளையாட்டுத் திடல்கள் முழுக்கக் கேரவன்கள். ஆயிரக்கணக்கானவர்கள் அங்கேயே சமைத்து, அங்கேயே பாடி, அங்கேயே தூங்குவார்கள். பாலத்தின் நடுவில் நின்றால் ஒரு காதில் கரையிலிருந்து வரும் அக்கார்டியன், மறு காதில் நகரத்தின் மின்கிடார்.

பாலத்தடியில் ஒரு முதியவர் லாகர்ஃபோன் வாசிப்பார். ஆளுயரத் தடி, அதில் நூற்றுக்கணக்கான பீர் மூடிகளைத் தொளதொளவென்று ஆணியடித்துக் கோத்திருப்பார். தடியைத் தரையில் குத்தினால் ஒரு சலங்கைச் சத்தம், பல் வெட்டிய குச்சியால் உரசினால் இன்னொன்று. என் கையில் தந்து குத்தச் சொன்னார். தாளம் தப்பாமல் அவர் மனைவி பாடினார்: மழை பொய்த்த பண்ணை, விற்றுப்போன மாடு, திரும்பி வராத மகன். வன்னியில் குளத்து நீரை நம்பி வளர்ந்தவர் அப்பா. பாட்டு முடிந்தும் அசையாமல் நின்றார். "தம்பி, இது எங்கட சனத்தின்ர கதையடா" என்றார். அதற்குப் பிறகு எந்த ஜனவரியும் அவர் வீட்டில் தங்கியதில்லை. சிட்னிக்குக் குடிபெயர்ந்த பின்னும் காரில் தயிர்ச்சோற்று டப்பாவோடு போய்வந்தோம்.

கன்ட்ரி இசை டாம்வொர்த்தில் வேர்பிடித்ததற்கு வானொலிதான் காரணம். 2டிஎம் நிலையத்தில் 1965இல் ஜான் மின்சன் தொடங்கிய 'ஹோடவுன்' இரவு நிகழ்ச்சி. மத்திய அலை இரவில் வெகுதூரம் பயணிக்கும். எங்கோ ஒரு பண்ணையில் தனியே விழித்திருந்தவனையும் அது எட்டியது. 1973இல் இங்கு கொடுத்த முதல் கோல்டன் கிடார் விருது, இரவெல்லாம் லாரி ஓட்டுபவனைப் பற்றிய பாட்டை எழுதிய ஜாய் மெக்கீனுக்குப் போனது. உழைப்பவர்களின் பாட்டுக்குத்தான் இந்த ஊரில் முதல் மரியாதை.

வறட்சியைப் பாடும் ஊர் தன் ஆற்றை என்ன செய்தது? சாஃபி அணையை உயர்த்தி, 10,000 கோடி லிட்டர் கொள்ளும்படி 2016இல் விரிவாக்கினார்கள். மூன்றே ஆண்டில் அது வற்றத் தொடங்கியது. 2019இல் ஐந்தாம் நிலைத் தண்ணீர்க் கட்டுப்பாடு வந்தது. மிஞ்சியதைக் காக்க டங்கோவன் அருகே ஆற்றின் குறுக்கே மண்தடுப்புப் போட்டார்கள். பிறகு அணையிலிருந்து குழாயும் வந்தது. தடுப்புக்குக் கீழே பீல் குட்டை குட்டையாகக் கிடந்தது. 2020 ஜனவரியில் விழா வழக்கம்போல் நடந்தது. நான் நீந்தப் பழகிய மடுவில் வெறும் கூழாங்கல்.

ஊருக்குக் குடிநீர் வேண்டும்; அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் தட்டுப்பாடு முற்றியபின் முதலில் ஆற்றின் கழுத்தை நெரிப்பதை நிர்வாகம் என்று ஒப்புக்கொள்ள முடியாது. அணை நிரம்பியிருக்கும்போதே ஆற்றுக்கென்று ஒரு பங்கை எழுதிவைத்து, எந்தப் பஞ்சத்திலும் அதைத் தொடாமல் இருக்க வேண்டும். பாசனமும் நகரமும் மீதியில் பேசிக்கொள்ளட்டும்.

டாம்வொர்த்துக்குக் கீழே சோமர்ட்டன்; பிறகு கீப்பிட் அணைக்கு அப்பால் நமோய் ஆற்றில் பீல் கலந்துவிடுகிறது.

ஜனவரியில் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு மாலையாவது பீல் தெருவிலிருந்து ஆற்றுக்கு இறங்கி நடந்து, தண்ணீர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடாவிட்டால் ஊர் திரும்புமுன் நகரசபைக்கு நாலு வரி எழுதிப் போடுங்கள்.