உயர்வும் ஓய்வும்

"உத்தியோகம் புருஷ லட்சணம்" என்னும் மொழியைக் கேட்டு வளர்ந்தவர் நாம். கல்லூரியை விட்டுக் கொழும்பு சென்ற பழைய மாணவருட் பலர் பெரிய கம்பனிகளிற் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, பெற்றோர் பட்ட கடனைத் தீர்த்துத் தம்பி தங்கையரையும் படிப்பித்தனர். ஆதலின் உத்தியோக உயர்வை இகழ்ந்து பேசுதல் எமக்குப் பொருந்தாது. எனினும், அவ்வுயர்வுக்கு நாம் கொடுக்கும் விலை யாது என வினவுதல் தவறன்று.

2017ஆம் ஆண்டில் நாம் பணியாற்றிய நிறுவனம் எமக்கு ஒரு பகுதியின் முகாமையாளர் பதவியைத் தர முன்வந்தது. சம்பளமும் மோட்டார் வண்டியும் கடிதத்தில் விளக்கமாக எழுதப்பட்டிருந்தன. மாதத்திற் பாதி நாள் வெளியூர்ப் பயணம் என்பதும், இரவில் எந்நேரமும் தொலைபேசிக்கு மறுமொழி கூறல் வேண்டும் என்பதும் வாய்மொழியாகவே கூறப்பட்டன. வரவையும் செலவையும் ஒரே ஏட்டில் எழுதுக என்பது கல்லூரியில் எமக்குக் கணக்கியல் கற்பித்த ஆசிரியரின் முதற் பாடம். அவ்வாறே இல்லாளும் நாமுமாக இருந்து எழுதிப் பார்த்தோம்.

1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வேலைநேரத்தை நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என வரையறுத்தது. அப்பதவியில் முன் இருந்தவரோ வாரம் 60 மணிக்குக் குறையாது உழைத்தார். இத்தகைய உழைப்பின் தீங்கை உலக சுகாதார தாபனமும் சர்வதேச தொழில் தாபனமும் பின்னர் 2021இல் எடுத்துக்காட்டின. வாரம் 55 மணியும் அதற்கு மேலும் உழைப்போர்க்கு, 35 முதல் 40 மணி உழைப்போரினும், பாரிசவாத ஆபத்து நூற்றுக்கு 35 வீதம் அதிகம் என்பது அவற்றின் கணிப்பு.

மறுபுறம், பதவியை மறுத்தால் உயர்ந்த சம்பளம் மட்டுமன்றி, அதன்மேல் ஊழியர் சேமலாப நிதிக்கு நாம் செலுத்தும் 8 வீதமும் நிறுவனம் செலுத்தும் 12 வீதமும் கைவிட்டுப் போகும். அவ்விழப்பு முதுமைவரை தொடரும். அதனையும் எழுதினோம்.

எண்ணில் அடங்காதன இரண்டு எஞ்சின. ஒன்பது வயது மகள் மாலைதோறும் எம்முடன் இருந்து பாடம் படிப்பாள். யாழ்ப்பாணத்தில் தனித்திருந்த தகப்பனாரை மாதம் ஒருமுறை இரவுப் புகையிரதத்திற் சென்று பார்த்து வந்தோம். பதவி பின்னொருகாலும் வரக்கூடும். இவை காத்திரா என்று கருதி, பதவியை வேண்டாமென்றோம்.

அது பின்னர் வரவில்லை. எமக்குப் பின் சேர்ந்தவர் எமக்கு மேலதிகாரியானார். வருடாந்தக் கூட்டத்தில் அவர் மேடையில் இருக்க நாம் கீழே இருந்தபொழுது மனம் சற்றே கசந்ததுண்டு. அதனை மறைத்தல் தகாது. தகப்பனார் 2019இல் காலமானார். அதற்கு முந்திய மாதங்களில் அவர் கட்டிலருகே இருந்து பழங்கதை கேட்ட நாட்களை எண்ணும்போது அக்கசப்பு அடங்கிவிடுகின்றது.

மாணவத் தம்பியரே, நாம் செய்ததையே நீவிரும் செய்க எனச் சொல்லோம். கடன் சுமந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அப்பதவியை ஏற்பதே கடமையாகலாம். உயர்வுக் கடிதம் கைக்கு வரும் நாளில், அதில் எழுதப்படாதவற்றையும் கூசாது கேட்டறியுங்கள். வேலைநேரம், பயணம், விடுமுறை ஆகியவற்றைத் தெளிந்தபின் வீட்டாரோடு கலந்து முடிவு செய்யுங்கள். உங்கள் நேரம் உங்கள் வீட்டாருக்கும் உரியது.