கையளவு போர்வை

மலைநகரங்களில் வாழ்வோர் குளிர் என்று சொல்வதில் பாதிதான் குளிர், மறுபாதி காற்று. உதகையில் மார்கழி, தை மாதங்களில் புல்லின்மேல் உறைபனி படிந்திருக்கும் அதிகாலையிலும், காற்று அசையாதிருந்தால் மெல்லிய சட்டை ஒன்றோடு ஓடிவிடலாம். ஏரிக்கரையின் திருப்பத்தில் காற்று எதிர்கொண்டுவிட்டாலோ, கம்பளிச் சட்டைக்குள்ளும் உடல் நடுங்கும். நம் தோலை ஒட்டி, உடற்சூட்டால் வெதுவெதுப்பான மெல்லிய காற்றுப் படலம் ஒன்று எப்போதும் இருக்கிறது. படைத்தவர் நமக்குத் தந்த முதல் போர்வை அதுவே எனலாம். வீசும் காற்று அப்போர்வையைக் கணந்தோறும் பறித்துச் செல்கிறது.

ஓடுபவருக்கு இத்தொல்லை இன்னும் மிகுதி. அவர் தம் ஓட்டத்தாலேயே காற்றை உண்டாக்கிக்கொள்கிறார். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபவருக்கு எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், அவர் முகத்தில் மோதுவது 30 கிலோமீட்டர் காற்று. வெப்பநிலை 5 பாகையாக இருக்கும் காலையில் அத்தகைய காற்று, தோலுக்கு ஏறத்தாழ 0 பாகைக் குளிராகவே படும்.

என் தமக்கையின் மகன் கல்லூரி மாணவன். நெடுந்தொலைவு ஓட்டத்தில் பெருநாட்டம் உடையவன். முப்பது ஆண்டுகளாக இம்மலைச் சாலைகளில் ஓடிப் பழகியவன் என்பதால், ஒருநாள் என்னிடம் வந்து, "மாமா, ஓடும்போது போட்டுக்கொள்ள ஒரு ஜெர்கின் வாங்க வேண்டும். நீங்களும் வாருங்கள்" என்று அழைத்தான்.

கடையில் அவன் கை முதலில் நீண்டது, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த தடித்த ஜெர்கினை நோக்கி. பார்வைக்கு அழகு, பேருந்து நிலையத்தில் நிற்பதற்கு உகந்தது. ஓடத் தொடங்கிய பத்தாம் நிமிடத்திலேயே அது அடுப்பாகிவிடும். அடுத்து, மழைக்கோட்டுத் துணியில் தைத்த ஒன்றைக் காட்டினார்கள். காற்றும் புகாது, நீரும் புகாது; ஆனால் உள்ளிருக்கும் ஆவியும் வெளியேறாது. ஓடுபவரின் வியர்வை அதற்குள்ளேயே தங்கி அவரை நனைத்துவிடும். நீர், காற்றைக்காட்டிலும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தவல்லது. வெளியே பெய்யாத மழையில் உள்ளே நனைந்து நடுங்குவதால் பயன் என்ன?

மூன்றாவதாக வந்தது, நெருக்கமாக நெய்த மெல்லிய நைலான் ஜெர்கின். எடை 100 கிராம் அளவே. "துணியை வாயருகே வைத்து ஊதிப் பார்" என்றேன். பலமாக ஊதியபோது மறுபுறம் வைத்த உள்ளங்கையில் இழைபோல் மூச்சுப் பட்டது. ஓட்டத்திற்கு ஏற்ற துணியை அறிய இது எளிய சோதனை. மூச்சு தாராளமாகக் கடந்தால் அது காற்றைத் தடுக்காது. அறவே கடக்காவிட்டால் வியர்வையை அடைத்து வைக்கும். இரண்டிற்கும் இடைப்பட்டதே வேண்டும்.

பிறகு மற்றவற்றைப் பார்த்தோம். காற்றில் படபடக்காதபடி உடலோடு ஒட்டியும், கைவீசத் தடையின்றியும் இருக்க வேண்டும். பாதி மார்பு வரை மட்டும் திறக்கும் ஜிப்பைவிட, முழுதும் திறக்கும் ஜிப் நல்லது; மேட்டில் ஏறும்போது திறந்து, இறக்கத்தில் மூடிக்கொள்ளலாம். மணிக்கட்டில் எலாஸ்டிக் வேண்டும். தலைமூடி, தலையைத் திருப்பும்போது கண்ணை மறைக்கலாகாது. இருட்டில் வண்டி விளக்கு பட்டால் மின்னும் பட்டை முதுகில் இருப்பது உயிர்க்காப்பு. யாவற்றுக்கும் மேலாக, தன் பைக்குள்ளேயே தான் மடிந்து கைப்பிடிக்குள் அடங்கிவிட வேண்டும்.

ஊதிப் பார்த்த அந்தச் சோதனை வீடு திரும்பிய பின்னும் என் நினைவில் நின்றது. எபிரேய மொழியில் 'ரூவா' என்னும் ஒரே சொல் காற்றையும் மூச்சையும் ஆவியையும் குறிக்கும் என மறைநூல் அறிஞர் கூறுவர். உலகின் காற்று தீண்டாதபடி நெஞ்சை இறுக மூடிக்கொள்பவர், தூய ஆவியாருக்கும் அல்லவா வழியை அடைத்துவிடுகிறார்? காவல் வேண்டும்; மூச்சுக்கும் இடம் வேண்டும்.

வாங்கிய பின் அவன் ஓர் ஐயம் எழுப்பினான். "வானம் தெளிவாக இருக்கும் நாளிலும் இதைச் சுமந்துகொண்டு ஓட வேண்டுமா, மாமா?"

மறுமொழியாக, சீன நாட்டில் 2021-ஆம் ஆண்டு மே 22 அன்று நிகழ்ந்ததைச் சொன்னேன். கான்சு மாநிலத்தில், மஞ்சளாற்றின் கல்வனப் பகுதியில் 100 கிலோமீட்டர் மலையோட்டம். 172 பேர் கலந்துகொண்டனர். காலையில் பலர் அரைக்கால் சட்டையும் மெல்லிய மேற்சட்டையுமாகவே புறப்பட்டனர். காற்றுத் தடுப்பு ஆடை கட்டாயப் பட்டியலில் இல்லை. பரிந்துரையில் மட்டுமே இருந்தது. பலருடைய ஆடைகள், வழியில் பிறகு பெற்றுக்கொள்ளலாம் என்று நெடுந்தொலைவிலுள்ள நிலையத்திற்கு முன்கூட்டியே அனுப்பப்பட்டிருந்தன. நண்பகலில், மலையின் செங்குத்தான ஏற்றத்தில் அவர்கள் இருந்தபோது, கடுங்காற்றும் மழையும் ஆலங்கட்டியும் ஒருசேரத் தாக்கின. உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழ் இறங்கினால் கால் தடுமாறும், நாக்குழறும், அறிவு மயங்கும். அன்று 21 பேர் மாண்டனர். அந்நாட்டின் தலைசிறந்த ஓட்டவீரர் சிலரும் அவர்களுள் இருந்தனர்.

கையளவு நைலான் துணி அவர்கள் அனைவரையும் காத்திருக்கும் என்று சொல்வது பொய்யாகும். அத்தகைய புயலுக்கு அதனினும் உறுதியான ஆடை வேண்டும். நான் சொல்ல விழைந்தது வேறு. போர்வை இருந்தது, ஆனால் அது வேண்டிய வேளையில் வேறிடத்தில் இருந்தது. பத்துக் கன்னியர் உவமையிலும் கடைகளில் எண்ணெய்க்குக் குறைவில்லை. மணமகன் வந்த வேளையில் ஐவர் கையில் அது இல்லை, அவ்வளவே. 'மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம்' என்பர். மடியில் இவ்வளவு சிறு கனமும் இல்லாமையே பயமாகும் வழிகளும் உண்டு. கனமற்ற ஜெர்கினைத் தேடச் சொன்னதும் இதற்காகவே: கனத்ததை வீட்டில் விட்டுச் செல்வோம், இலேசானது உடன் வரும். செபமும் அப்படித்தான். நீண்ட செபங்களை ஓய்வு நாளுக்கென ஒதுக்கிவிடுகிறோம். மூச்சளவு மன்றாட்டு எங்கும் உடன் வருகிறது.

அந்த மலையில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓர் ஆட்டிடையர், மழைக்கு ஒதுங்கித் தம் குகையில் இருந்தார். தடுமாறி வந்தவர்களை உள்ளே அழைத்து, தீ மூட்டி, தம் போர்வைகளால் போர்த்தினார். மயங்கிக் கிடந்தவரையும் தேடிச் சென்று கொணர்ந்தார். அவரால் ஆறு பேர் பிழைத்தனர். குகையும் ஆயரும் நம் மறையின் தொடக்கத்திலேயே உள்ளவர்கள் அல்லவா!

சில வாரங்கள் கழித்து, ஒரு காலை அவன் வெறும் சட்டையோடு விறைத்துப்போய் வீடு திரும்பினான். தொட்டபெட்டா சாலையில் காலில் தசை பிடித்துக்கொண்டு, ஓட இயலாமல் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தாராம். வண்டி வரும்வரை போர்த்திக்கொள்ளத் தன் ஜெர்கினைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

"உனக்குக் குளிரவில்லையா?" என்றேன்.

"நான் ஓடிக்கொண்டிருந்தேன், மாமா. அவர் உட்கார்ந்திருந்தார்."

முப்பது ஆண்டு ஓடிய எனக்கு அவன் சொற்கள் புதிய பாடமாயின. ஓடும் உடல் தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். நின்றுவிட்டவருக்கே காற்று கொடியது. வேலை இழந்தவர், துணையை இழந்தவர், நோயில் விழுந்தவர் எனப் பாதையோரம் அமர்ந்துவிட்டவர் நம் பங்கிலும் எத்தனை பேர்!

மயிலுக்குப் போர்வை தந்த பேகன் நம் மலைநாட்டு மன்னன். ஆமியான் நகர வாயிலில் தம் மேலாடையை வாளால் இரண்டாக்கி, குளிரில் வாடிய ஏழைக்குப் பாதியைத் தந்தவர் புனித மார்ட்டின். நவம்பர் 11 அன்று அவர் விழா. அந்த மேலாடையைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்தே சிற்றாலயத்தைச் சுட்டும் 'சேப்பல்' என்னும் பெயர் பிறந்தது. பகிர்ந்த போர்வை ஆலயத்தின் பெயராயிற்று.

இலேசானதைத் தேர்ந்துகொள்வோம், என்றும் உடன் கொண்டு செல்வோம். அது வேண்டிய தோள் நம்முடையதாக இல்லாமலும் போகலாம்.