துணி சுற்றிய பாட்டில்

போர்தோ, பிரான்ஸ்



போர்தோ சிவப்பு ஒயின் பெரும்பாலும் கலவைதான். ஒவ்வொரு திராட்சை ரகத்தையும் தனித் தொட்டியில் புளிக்க வைக்கிறார்கள். எதில் எவ்வளவு சேர்ப்பது என்பதைப் பின்னால் குளிர்காலத்தில் சுவைத்துப் பார்த்து முடிவுசெய்கிறார்கள். அந்த விகிதத்தை லேபிளில் போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இங்குள்ள சுவைப்பு வகுப்புகளில் பாட்டிலுக்குத் துணியைச் சுற்றிவிட்டு, உள்ளே என்ன ரகம் என்று கேட்கிறார்கள்.

கோப்பையை வெள்ளைத் தாளின் மேல் சாய்த்து நிறம் பார்ப்பார்கள், சுழற்றி முகர்வார்கள். ஒரு வாய் எடுத்து, கன்னங்களுக்குள் புரட்டி, துப்பிவிடுவார்கள். விழுங்கிக்கொண்டே போனால் நாக்கு சீக்கிரமே கணக்கை விட்டுவிடும்.

கபர்னே சோவினியோன் இருந்தால் பென்சில் சீவிய வாசனை வரும். நாவல்பழம் தின்றதுபோல ஈறு வரை துவர்க்கும். மெர்லோவில் ப்ளம்ஸ் வாசனை, வழவழப்பு. பெட்டி வெர்தோ கொஞ்சம் சேர்ந்தாலே நிறம் கருக்கும். கபர்னே ஃப்ரானில் குடைமிளகாயின் பச்சை நெடி.

ஆட்டம் குழம்புவது அந்தக் குடைமிளகாயில்தான். நெடிக்குக் காரணம் பைரசின் என்ற வேதிப்பொருள். பழம் முற்ற முற்றக் குறையும். சரியாகப் பழுக்காத கபர்னே சோவினியோனிலும் அதே நெடி அடிக்கும். அடிக்காமல் என்ன செய்யும்? கபர்னே ஃப்ரானும் வெள்ளைத் திராட்சையான சோவினியோன் பிளாங்கும் சேர்ந்து பிறந்ததுதான் கபர்னே சோவினியோன் என்று 1997இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மரபணு ஆய்வு காட்டியது. மெர்லோவுக்கும் தந்தை கபர்னே ஃப்ரானே. ஆக, ஒரே கோப்பையில் அப்பனையும் இரண்டு பிள்ளைகளையும் பிரித்துச் சொல்லச் சொல்கிறார்கள்.

கண்ணும் உதவாது. ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேருக்கு, மணமில்லாத சாயம் கலந்து சிவப்பாக்கிய வெள்ளை ஒயினைக் கொடுத்துப் பார்த்தார்கள். சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதை வர்ணித்தார்கள். 2001இல் வெளியான இந்தச் சோதனை நடந்தது இதே போர்தோவில்!

கெட்டிக்காரர்கள் ரகத்தை விட்டுவிட்டு, திராட்சை ஆற்றின் எந்தக் கரையில் விளைந்தது என்று தேடுகிறார்கள். இடக்கரை மெடோக்கில் சரளை மண். சூட்டைப் பிடித்துவைப்பதால், தாமதமாகப் பழுக்கும் கபர்னே சோவினியோனுக்கு ஏற்றது. வலக்கரைப் பொமரோலில் குளிர்ந்த களிமண். முந்திப் பழுக்கும் மெர்லோவின் ராஜ்ஜியம். வாய் வறண்டால் இடம், வழுக்கினால் வலம். முரட்டு விதிதான், ஆனால் வெறும் ஊகத்துக்கு இது எவ்வளவோ மேல்.

தோற்றவர்கள் வெட்கப்படத் தேவையில்லை. சிலியில் பல காலம் மெர்லோ என்று வளர்த்த கொடிகளில் நிறைய உண்மையில் கார்மனேர் என்ற வேறு ரகம் என்று 1994இல்தான் தெரிந்தது. அங்கே இலையும் பழமும் கண்ணெதிரே இருந்தன.

இப்போது போர்தோவின் ரகப் பட்டியலும் நீள்கிறது. வெயில் கூடிவருவதால் மார்செலான், தூரிகா நஸியோனால் உள்ளிட்ட நான்கு புதிய சிவப்பு ரகங்களைக் கலவையில் 10 சதவீதம் வரை சேர்க்கலாம் என்று 2021இல் அனுமதித்திருக்கிறார்கள்.

அடுத்த கடிதம் செந்தெமிலியோன் என்ற ஊரிலிருந்து.