கருவாடு, சோளம், எருமை வால்

திங்கள்

மதியச் சாப்பாடு முடிந்து ஆறாவது பீரியட். நீலகிரியில் ஜூலை மாதம் என்றால் தகரக் கூரை மேல் விழும் மழைச் சத்தத்தை மீறித்தான் பாடம் நடத்தியாக வேண்டும். ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல், ‘பண்டைய நாகரிகங்கள்’, மெசபடோமியா. களிமண் பலகை, ஆப்பு வடிவ எழுத்து என்று டீச்சர் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தபோது மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான்.

“மிஸ், போன பாடத்துல மனுஷன் ஆப்பிரிக்காவுல தோணினான்னு சொன்னீங்க. அந்தக் காலத்து ஆளுங்களுக்கு அது தெரியாதே. அவங்க என்ன நினைச்சிட்டு இருந்தாங்க?”

டீச்சர் புத்தகத்தை மூடி வைத்தார்.

பாபிலோன்காரர்கள் நினைத்தது ஏழு களிமண் பலகைகளில் இருக்கிறது. ‘எனுமா எலிஷ்’ என்று பெயர். நினிவேயில் அசூர்பனிபால் மன்னனின் நூலக இடிபாட்டில் கிடைத்த துண்டுகளைப் பொருத்திப் படித்து 1876இல் நூலாக வெளியிட்டவர் ஜார்ஜ் ஸ்மித். பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர். பணத்தாள் அச்சுக்குத் தகடு செதுக்கும் தொழிலாளி. சாப்பாட்டு இடைவேளைகளில் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு ஓடி ஓடி அந்த எழுத்தைப் பழகினார். கடைசி பெஞ்சு இதை மட்டும் கவனமாகக் கேட்டது.

கதைக்கு வந்தால், மார்டுக் என்னும் தெய்வம் கடலின் உருவான தியாமத்தைக் கொன்று, கருவாட்டுக்கு மீனைப் பிளப்பதுபோல் இரண்டாகப் பிளக்கிறது. ஒரு பாதி வானம் ஆகிறது. பிறகு அவள் படைத்தலைவன் கிங்குவின் ரத்தத்திலிருந்து மனிதன். எதற்கு? தெய்வங்களுக்கு வேலை அதிகம். அதைச் சுமக்க ஆள் வேண்டும்.

“எஸ்டேட் மாதிரி,” என்றாள் ஒரு பெண். அவள் தாத்தா இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர். அம்மா கொழுந்து பறிக்கிறார். “சாமிங்க எல்லாம் கங்காணி, நாம கூலி.” வகுப்பு சிரித்தது. டீச்சருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வாய்க்கால் வெட்டியும் கரை கட்டியும் பிழைத்த நாட்டில் மனிதப் பிறவிக்கு வேறென்ன காரணம் தோன்றியிருக்கும்?

செவ்வாய்

குவாத்தமாலா. உலகப் படத்தில் அதைத் தேடவே ஐந்து நிமிடம் போனது.

அங்குள்ள கிச்சே மாயா மக்களின் ‘போபோல் வூ’வில் படைப்பு ஒரே முயற்சியில் முடிவதில்லை. முதலில் சேற்றில் மனிதனைச் செய்கிறார்கள், கரைந்துபோகிறான். அடுத்து மரத்தில். அவன் நடக்கிறான், பேசுகிறான், பிள்ளை பெறுகிறான். ஆனால் நெஞ்சிலும் நினைவிலும் ஒன்றுமில்லை. அவன் வீட்டுச் சட்டியும் நாயும் அரைகல்லும் அவன் மேல் பாய்கின்றன. இத்தனை நாள் எங்களைத் தேய்த்தாயே, இனி எங்கள் முறை என்று கல் கிளம்பும் இடத்தில் வகுப்பே ஆரவாரம் செய்தது. அம்மி பேசினால் தன் பாட்டியின் கதி என்ன ஆகும் என்று ஒருவன் கவலைப்பட்டான்.

மூன்றாவது முறைதான் சரியாக வருகிறது. மஞ்சள் சோளமும் வெள்ளைச் சோளமும் அரைத்த மாவில் நான்கு மனிதர்கள். (சோளம் என்றால் நம் வெள்ளைச் சோளம் இல்லை, மக்காச்சோளம்.) இவர்கள் அளவுக்கு மீறி நன்றாக அமைந்துவிட்டார்கள். இருந்த இடத்திலிருந்தே உலகம் முழுவதையும் பார்த்தார்கள். தெய்வங்களுக்கு அது பிடிக்கவில்லை. கண்ணாடியில் மூச்சு பட்டு மங்குவதுபோல் அவர்கள் கண்ணை மங்கச் செய்தார்கள்.

ஜன்னலோரப் பெண் அப்போதே கண்ணாடியில் ஊதினாள். எதிரே இருந்த யூக்கலிப்டஸ் மரங்கள் மறைந்தன. விரலால் ஒரு சின்ன வட்டம் துடைத்து, அதன் வழியாகப் பார்த்தாள். டீச்சர் அரைமணி நேரம் விளக்க நினைத்திருந்தது அங்கேயே முடிந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிமேனெஸ் என்ற பாதிரியார் சிச்சிகாஸ்டெனாங்கோ ஊரில் இருந்தபோது இதைப் பிரதி எடுத்திருக்காவிட்டால் நம் கைக்கு வந்திருக்காது. அந்தப் பிரதி இப்போது சிகாகோவின் நியூபெரி நூலகத்தில் இருக்கிறது. சோளத்தில் பிறந்தவர்களின் ஊரில் இல்லை.

புதன்

கனமழை. கலெக்டர் லீவு விட்டுவிட்டார்.

வியாழன்

கரும்பலகையில் டீச்சர் ‘படைப்புக் கட்டுக்கதைகள்’ என்று எழுதியதுதான் தாமதம், இரண்டு கைகள் உயர்ந்தன.

“பைபிள் கட்டுக்கதை இல்ல மிஸ்,” என்றான் ஒருவன். “அப்ப மாயாக்காரங்களோடது மட்டும் கட்டுக்கதையா?” என்றாள் எஸ்டேட் பெண். அவனிடம் பதில் இல்லை. டீச்சரிடமும் இல்லை. தலைப்பை அழித்து, ‘உலகம் பிறந்தது எப்படி: மக்கள் சொன்னவை’ என்று மாற்றி எழுதினார். நம்முடையது வேதம், அடுத்தவருடையது கதை என்ற பழக்கம் பெரியவர்களுக்கே விடவில்லை. பதினான்கு வயதில் இந்தக் கேள்வி வந்ததே பெரிது.

ஒரு பையன் வாட்ஸ்அப் செய்தியோடு வந்திருந்தான். பெருவெடிப்பைப் பரிபாடல் அன்றே சொல்லிவிட்டதாம். வானம், காற்று, தீ, மழை, நிலம் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும் வரிசை பரிபாடலின் இரண்டாம் பாட்டில் உண்மையாகவே இருக்கிறது. பாடியவர் கீரந்தையார், பாடப்பட்டவர் திருமால். பக்திப் பாட்டை ஆய்வுக்கூடத்துக்கு இழுத்துப் போனால் பாட்டுக்கும் கெடுதல், அறிவியலுக்கும் கெடுதல். டீச்சர் இதை இன்னும் மென்மையாகச் சொன்னார்.

ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலம், 129ஆம் சூக்தத்தையும் தொட்டார். ஏழே செய்யுள். உலகம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே போய், மேலே இருந்து பார்ப்பவனுக்காவது தெரியுமா, ஒருவேளை அவனுக்கும் தெரியாதோ என்று நின்றுவிடுகிறது. “சாமிக்கே டவுட்டா?” என்று கேட்டவனுக்கு அன்று முழுக்க அந்தப் பெயரே நிலைத்தது.

மாலையில் எச்.எம். கூப்பிட்டார். “டீச்சர், இதெல்லாம் பரீட்சைக்கு வருமா?”

“வராது சார்.”

“நாளையோட முடிச்சிடுங்க.”

வெள்ளி

கடைசி நாளுக்கு டீச்சர் வைத்திருந்தது பக்கத்து மலைக் கதை.

வகுப்பில் தோடர் பெண் ஒருத்தி இருக்கிறாள். ஒரு சமூகத்தின் மொத்தப் பொறுப்பையும் ஒரு பிள்ளையின் தலையில் ஏற்றி ‘நீ சொல்லும்மா’ என்று நிறுத்துவது நம் வகுப்பறைகளின் கெட்ட வழக்கம். டீச்சர் காலையிலேயே அவளைத் தனியே கேட்டிருந்தார். “நீங்க சொல்லுங்க மிஸ். தப்பா இருந்தா சொல்றேன்,” என்றாள்.

டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட ‘தி தோடாஸ்’ நூலில் உள்ளபடி: ஓன் என்னும் தெய்வமும் அவர் மனைவியும் குந்தா மலை மேல் போய், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இரும்புத் தடி ஒன்றை வைக்கிறார்கள். ஒரு முனையில் ஓன் நின்று மண்ணிலிருந்து 1,600 எருமைகளை வரவழைக்கிறார். மறுமுனையில் மனைவி வரவழைத்தவை 1,800. அவருடையவை புனித எருமைகள் ஆயின, மனைவியுடையவை வீட்டு எருமைகள். ஓனின் கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதன் மண்ணைவிட்டு வெளியே வருகிறான். அவனே முதல் தோடன். அவன் வலப்பக்க விலா எலும்பிலிருந்து முதல் பெண்.

“பைபிள்ல இருந்து காப்பி அடிச்சிட்டாங்க!” நேற்று கை தூக்கிய அதே பையன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று டீச்சர் கரும்பலகையில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

தோடர் பெண் எழுந்தாள். முதலில் ‘ஓன்’ என்று மிஸ் உச்சரித்ததைத் திருத்தினாள்; மூன்று முறை சொல்லிக் காட்டியும் டீச்சருக்கு அந்த உயிரொலி வரவில்லை. பிறகு பையனைப் பார்த்து, “பைபிள்ல எருமை இருக்கா?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

பெல் அடித்தது. திங்கட்கிழமை ஹமுராபி. 282 சட்டங்கள், பரீட்சைக்கு வரும்.