ஒட்டகக்காரர்கள் நடந்த பாதையில்



பாலைவனம் என்றதும் நமக்கு அரபு நாடுதான் ஞாபகத்துக்கு வரும். மணல்மேடு, பேரீச்சை மரம், வரிசையாகப் போகும் ஒட்டகங்கள். இவை மூன்றையும் நான் கண்டது அரபு நாட்டிலல்ல, தென் அவுஸ்திரேலியாவில் என்றால் நம்புவீர்களா? ஒட்டகங்களை மட்டும் கடைசி நாளில், அதுவும் தூரத்தில்தான் பார்த்தேன். ஆனால் அவற்றை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவர்களின் கபுருகளைப் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூலை மாதம். அங்கே அது குளிர்காலம். கோடையில் அந்தப் பக்கம் போவது புத்தியுள்ள வேலையல்ல. நாங்கள் ஆறு பேர். நானும் என் கணவரும், பேருவளையைச் சேர்ந்த ஒரு குடும்பம், அக்குறணையைச் சேர்ந்த ஒரு தாத்தா. பேருவளைக்காரரை என் கணவர் நானா என்பார். ஆகவே அவர் மனைவி எனக்கு மதினி. அவர்களுடைய மகனுக்குப் பத்தொன்பது வயது. தாத்தா விதவை. அடிலெய்டில் மகனோடு இருக்கிறார். "வீட்டுச் சுவரைப் பார்த்தே அலுத்துப் போச்சு, என்னையும் கூட்டிக்கொண்டு போங்க" என்று அவராகவே கேட்டு வந்தார்.

பயணத்துக்கு ஆயத்தம் செய்வதென்றால் நம் பெண்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். அரிசி, பருப்பு, டின் மீன், மாசிச் சம்பல், கோதுமை மா, மதினி கிண்டிய மஸ்கத் ஒரு தட்டு. ஆண்கள் கூடாரம், கம்பளி, இருபது லீற்றர் தண்ணீர்க் கேன் இரண்டு, வாடகைக்கு எடுத்த நாற்சக்கர இழுவை வாகனம். உபரிச் சக்கரம் ஒன்றுதான் இருந்தது. "ஒன்று போதும்" என்று வாடகைக்குத் தந்தவர் சொன்னதை நாங்களும் நம்பினோம். இந்த இடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடிலெய்டிலிருந்து வடக்கே மரீ என்ற சிற்றூருக்கு ஏறக்குறைய 680 கிலோ மீற்றர். முதலில் கோதுமை வயல்கள், பிறகு பிளிண்டர்ஸ் மலைத்தொடர், அதன் பிறகு மரங்கள் குட்டையாகிக் குட்டையாகி, கடைசியில் கல்லும் செம்மண்ணும் வானமும்தான். இரண்டாம் நாள் பகல் மரீக்குக் கிட்டவாக வரும்போது ஒரு டயர் வெடித்தது. நானாவும் மகனும் உபரிச் சக்கரத்தை மாட்டினார்கள். தாத்தா ஒரு கல்லில் இருந்து சலவாத்து ஓதிக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

மரீயில் இன்று வசிப்பவர்கள் மிகச் சிலர். ஒரு காலத்தில் அது பரபரப்பான இடம். 1884 இல் புகையிரதம் அங்கே வந்து நின்றது. அதற்கு அப்பால் சரக்குக் கொண்டுபோக வண்டியும் குதிரையும் உதவவில்லை. குதிரைக்குத் தண்ணீர் வேண்டும். ஒட்டகத்தின் முதுகில் அரைத் தொன் வரை ஏற்றலாம். தண்ணீரில்லாமல் பல நாள் நடக்கும். தோமஸ் எல்டர் என்ற பெரும் பண்ணைச் சொந்தக்காரர் 1866 இல் நூற்றுக்கு மேற்பட்ட ஒட்டகங்களையும் அவற்றை மேய்க்க 31 பேரையும் கப்பலில் வரவழைத்தார். அதற்குப் பின் மேலும் பலர் வந்தார்கள். பலூசிஸ்தான், சிந்து, பஞ்சாப், காஷ்மீர், ஆப்கானிஸ்தான் என்று பல நாட்டவர். பெரும்பாலும் முஸ்லிம்கள். வெள்ளைக்காரர்களுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தேவைப்படவில்லை. எல்லோருக்கும் ஒரே பெயர் வைத்தார்கள்: 'ஆப்கான்'. அதுவும் நீளமாகத் தோன்றியதோ என்னவோ, 'கான்' என்று சுருக்கினார்கள். அடிலெய்டிலிருந்து வடக்கே ஓடும் புகழ்பெற்ற புகையிரதத்துக்கு இன்றும் அந்தப் பெயர்தான். மரீ வழியாகப் போன பழைய தண்டவாளம் 1980 இல் கைவிடப்பட்டது. பெயர் மட்டும் புதிய பாதைக்கு மாறிப் போய்விட்டது.

கம்பளி மூட்டையைச் சுமந்தவர்கள் இவர்கள்தான். 1870 முதல் 1872 வரை போர்ட் ஒகஸ்டாவிலிருந்து டார்வின் வரைக்கும் தந்திக் கம்பி இழுத்தார்களே, அந்த வேலைக்கும் இவர்களுடைய ஒட்டகங்கள் சாமான் சுமந்தன. ஆனால் ஊரில் இவர்களுக்கு இடம் தண்டவாளத்துக்கு மறு பக்கம். ஒரு பக்கம் வெள்ளையர். மற்றப் பக்கம் ஒட்டகக்காரரும் அந்த மண்ணின் பூர்வீகக் குடிகளும். அந்தப் பக்கத்தில்தான் மரக் கம்பும் மண்ணும் கொண்டு ஒரு பள்ளிவாசல் கட்டினார்கள். அவுஸ்திரேலியாவின் மிகப் பழைய பள்ளிவாசல்களில் ஒன்று அது. அசல் கட்டடம் இல்லாமற் போய்விட்டது. அதன் ஞாபகமாகக் கம்பு நட்டுக் கூரை வேய்ந்து ஒரு மாதிரி வைத்திருக்கிறார்கள். நம் ஊர் வாடிவீட்டுக் கொட்டில் அளவுதான் இருக்கும். நாங்கள் லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்காக. இலங்கையிலும் ஏறக்குறைய அதே திசைதானே என்று தாத்தா சொன்னார். உலகத்தின் இந்த மூலைக்கு வந்தும் முகம் திரும்பும் பக்கம் மாறவில்லை என்பதில் அவருக்கு ஒரு திருப்தி.

அந்த மனிதர்கள் தனியாக வந்தவர்கள். இரண்டு மூன்று வருட ஒப்பந்தம், பிறகு ஊர் திரும்பலாம் என்ற எண்ணம். 1901 இல் வந்த குடிவரவுச் சட்டம் வெள்ளையரல்லாதவர்களுக்குக் கதவை மூடியது. ஊரில் விட்டு வந்த மனைவி மக்களை அழைக்க வழியில்லை. சிலர் திரும்பிப் போனார்கள். சிலர் அங்கேயே பூர்வீகக் குடிப் பெண்களையோ வெள்ளைக்காரப் பெண்களையோ மணந்தார்கள். பலூசிஸ்தானிலிருந்து வந்த பெஜா தெர்விஷ் என்பவர் அப்படி ஒருவர். 1896 இல் கல்வெர்ட் ஆய்வுப் பயணத்தில் ஒட்டகங்களைப் பார்த்துக்கொண்டவர். அந்தப் பயணத்தில் இரண்டு பேர் பாலைவனத்தில் தாகத்தால் இறந்தார்கள். தலைவர் வெல்ஸ் தமது திசைகாட்டியை பெஜாவுக்குப் பரிசாகக் கொடுத்தார். பெஜா பிற்காலத்தில் மரீயில் பேரீச்சை வளர்த்து, 1957 இல் மௌத்தானார். 1939 இல் சிம்சன் பாலைவனத்தைக் கடந்த மடிகன் குழுவுக்கு ஒட்டகம் ஓட்டியவர் அவருடைய மகன்.

மாலையில் மையவாடிக்குப் போனோம். அங்கேயும் பிரிவுதான். வெள்ளையருக்கு ஒரு பக்கம், நம்மவருக்கு ஒரு பக்கம். சிலவற்றுக்குத்தான் பெயர்க் கல். மற்றவை வெறும் மேடு. ஸலாம் சொல்லி, பாத்திஹா ஓதித் திரும்பினோம். தாத்தா மட்டும் வரவில்லை. பெயரில்லாத ஒரு மேட்டின் அருகில் வெகு நேரம் நின்றார். காற்று அவருடைய முந்தானையை இழுத்தது. மதினி கூப்பிடப் போக, நான் தடுத்தேன். தாத்தாவின் கணவர் குவைத்தில் சாரதி வேலைக்குப் போனவர். அங்கேயே மௌத்தாகி அங்கேயே அடக்கம் செய்யப்பட்டவர். தந்தி வந்தது, சம்பளப் பாக்கி வந்தது, ஒரு பெட்டி உடுப்பு வந்தது. கபுரைத் தாத்தா இன்று வரை பார்த்ததில்லை. இதை எனக்கு முன்பே சொல்லியிருந்தார். அன்று ஒன்றும் சொல்லவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை வரை பொறுத்திருந்தால் வெடித்த டயரைத் திருத்தியிருக்கலாம். விடியுமுன் புறப்பட வேண்டும் என்று ஆண்கள் அவசரப்பட்டார்கள். நாங்களும் தலையாட்டினோம். பிழை எங்கள் எல்லோருடையதும்தான்.

மரீயிலிருந்து மேற்கே போவது ஊட்னடாட்டா பாதை. மார்லா வரைக்கும் ஏறக்குறைய 620 கிலோ மீற்றர். தார் கிடையாது. பழைய தண்டவாளத்தை ஒட்டியே போகிறது. அந்தத் தண்டவாளமோ இயற்கையான நீரூற்றுகளின் வரிசையை ஒட்டிப் போட்டது. பூமிக்குள் மிக ஆழத்தில் பெரும் நீர்ப் படுகை இருக்கிறது. அங்கங்கே பீறிட்டு மேலே வரும். பூர்வீகக் குடிகளான அரபானா மக்கள் எத்தனையோ ஆயிரம் வருடங்களாக ஊற்றிலிருந்து ஊற்றுக்கு நடந்த வழி அது. ஒட்டகக்காரரும் புகையிரதமும் எங்கள் வாகனமும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களே. வழியில் 5,600 கிலோ மீற்றர் நீளமான நாய் வேலியைக் கடந்தோம். டிங்கோ என்ற காட்டு நாய் ஆடுகளைத் தின்னாமல் தடுக்கக் கட்டியது. பிறகு ஏயர் ஏரியின் தெற்குப் பகுதி. ஏரியென்று பெயர். கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை உப்பு. கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிற நிலம். வெயிலில் கண் கூசியது.

அந்த இடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இரண்டாவது டயர் போனது.

பாதை முழுவதும் தகரக் கூரை போல வரி வரியாக இருக்கும். அதில் ஆடி ஆடி வந்ததில் தண்ணீர்க் கேன் ஒன்றின் மூடி கழன்று பாதிக்கு மேல் ஒழுகியிருந்தது. மதினி அளந்து பார்த்தார். ஆறு பேருக்கு இருபத்திரண்டு லீற்றர். கைத்தொலைபேசியில் ஒன்றுமில்லை. கையடக்க வானொலியில் இரைச்சல்தான். குளிர்காலத்தில் அந்தப் பாதையில் வாகனங்கள் வரும், ஒரு மணி நேரத்தில் யாராவது வருவார்கள் என்று நானா தைரியம் சொன்னார். இரண்டு மணி, மூன்று மணி, நாலு மணி. யாருமில்லை. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பிறகுதான் தெரிந்தது, மழை வருகிறதென்று எங்களுக்குப் பின்னால் பாதையை மூடியிருந்தார்கள்.

கவர்ட் ஸ்பிரிங்ஸ் என்ற முகாமிடம் முன்னால் இருபது சொச்சம் கிலோ மீற்றர். "நான் நடந்து போய் ஆள் கூட்டி வாறன்" என்று மகன் எழுந்தான். நானாவுக்கு இரண்டு மனம். வாகனத்தை விட்டுப் போகக்கூடாது என்பது அந்த நாட்டில் சிறு பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கிற பாடம். வாகனத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது இலேசு. மனிதனைக் கண்டுபிடிப்பது கஷ்டம். வாகனத்தை விட்டு நடந்து இறந்தவர்களின் கதைகள் நிறைய. ஆனால் வாலிபனுக்கு இருபது கிலோ மீற்றர் ஒரு தூரமா?

தாத்தாதான் பேசினார். "போ மகன். ஆனால் நானும் பின்னால வருவன். எனக்கு முழங்கால் வருத்தம், உனக்குத் தெரியும்தானே. வழியில விழுந்தா என்னையும் தூக்கிக்கொண்டு நட."

அவன் சிரிக்கப் பார்த்தான். தாத்தாவின் முகத்தைக் கண்டதும் இருந்துவிட்டான். அதன் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

குடிக்கிற தண்ணீரைத் தொடாமல், மஃரிபுக்குத் தயம்மும் செய்தோம். மண்ணுக்கா பஞ்சம்! சோறு சமைக்கவில்லை. குறைந்த தண்ணீரில் மாப் பிசைந்து, தணலில் ரொட்டி போட்டு, சம்பலோடு தின்றோம். ஆளுக்கு அரைக் கோப்பை தேநீர். இரவு மழை ஒரு மணி நேரம் கொட்டியது. தார்ப்பாயைக் கட்டிப் பிடித்ததில் ஒரு சட்டித் தண்ணீர் சேர்ந்தது. செம்மண் நிறம். சுபஹுக்கு அதில்தான் வுழூ. குளிரில் விரல் விறைத்தது. ஆனால் அந்தத் தண்ணீரைப் போல வேறெந்தத் தண்ணீரும் எனக்கு ருசியாகத் தோன்றியதில்லை. குடிக்காமலே சொல்கிறேன்.

விடிந்ததும் பாதை சேறு. காலடி வைத்தால் செருப்போடு இரண்டு கிலோ மண் வந்தது. மதினி கோப்பையால் அளந்து அளந்து தண்ணீர் தந்தார். தமக்கு எடுத்துக்கொள்வது குறைவு என்று எனக்கு மட்டும் தெரிந்தது. பகல் முழுவதும் தாத்தா தஸ்பீஹ் உருட்டினார். மகன் வாகனத்தின் கூரையில் ஏறி இருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். பின்னேரம் மூன்று மணிக்குக் கிட்ட அவன் கத்தினான்.

வந்தவர் அங்குள்ள ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை செய்பவர். மழைக்குப் பின் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்க்கப் புறப்பட்டவராம். யார், எந்த ஊர் என்று கேட்கவில்லை. "எவ்வளவு தண்ணீர் மிச்சம்?" என்றார். மூன்று லீற்றர் என்றோம். முகம் மாறியது. தமது கேனை இறக்கி வைத்துவிட்டுத்தான் டயரைப் பார்த்தார். ஓட்டையில் ரப்பர் திரியைத் திணித்து அடைத்து, காற்றடித்தார். ஒரு மணி நேர வேலை. காசு வாங்க மறுத்தார். மதினி மஸ்கத் தட்டை அப்படியே கொடுத்தார். அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒன்றை வாயில் போட்டு, இரண்டாவதையும் எடுத்தார். அவர் முன்னால் போக, அவருடைய சக்கரத் தடத்திலேயே நாங்கள் மெதுவாகப் பின்தொடர்ந்தோம்.

கவர்ட் ஸ்பிரிங்ஸில் வெதுவெதுப்பான ஊற்று நீரும் பேரீச்சை மரங்களும் இருக்கின்றன. அந்த இரவு சோறும் பருப்பும் ஆக்கி வயிறு நிறையத் தின்றோம். அதற்கப்பால் வில்லியம் கிரீக், சில வீடுகள் மட்டுமே உள்ள ஊர். அதைச் சூழ்ந்திருக்கும் அன்னா கிரீக் மாட்டுப் பண்ணை 15,000 சதுர கிலோ மீற்றருக்கு மேல். நம் இலங்கையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு! அங்கிருந்து கூபர் பீடிக்கு 166 கிலோ மீற்றர். அந்த வழியில்தான் ஒட்டகங்களைக் கண்டோம், ஐந்தாறு. லொறி வந்ததும் ஒட்டகத்துக்கு வேலை போயிற்று. அவிழ்த்துவிட்ட ஒட்டகங்களைச் சுடுவதற்கு 1925 இல் சட்டமே வந்தது. அப்படியும் பல ஒட்டகக்காரர்கள் சுட மனமின்றிக் காட்டில் விட்டார்கள். அவற்றின் வழித்தோன்றல்கள் இன்று இலட்சக்கணக்கில் அலைகின்றன. வாகனத்தை நிறுத்தச் சொன்னார் தாத்தா. அவை எங்களைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, தம் பாட்டில் நடந்து போயின.

கூபர் பீடியில் தொலைபேசிக்கு உயிர் வந்ததும் தாத்தா மகனைக் கூப்பிட்டார். சுகம் விசாரித்தார். டயர் கதையைச் சொல்லவேயில்லை. "வாப்பாவோட கபுருக்கு அங்க ஒரு இலக்கம் இருக்குமாம் மகன். குவைத்தில உன்ட கூட்டாளி இருக்கிறான்தானே? கேட்டு எழுதி வை, நான் வந்ததும் பேசுவம்" என்றார்.