அடிமதகு

ஒரு பெரிய நீர்மின் அணையின் வரைபடம் மேசைக்கு வந்ததும் எல்லோருடைய கண்ணும் உயரத்துக்கும் மெகாவாட்டுக்கும் போகும். நீர்த்தேக்கங்களுக்கு வண்டல் கணக்குப் போடுகிற நான் அடியிலிருந்துதான் பார்க்கத் தொடங்குவேன். ஆற்றுப் படுகையின் மட்டம் எது? அதையொட்டி மதகு வைத்திருக்கிறார்களா? டர்பைனுக்குத் தண்ணீர் எடுக்கும் வாய் அதிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது? அணையின் ஆயுளை இந்த மூன்றுமே பெரும்பாலும் தீர்மானித்துவிடும்.

எங்கள் துறைக்கு இதைக் கற்றுக்கொடுத்தது சீனாவில் மஞ்சள் ஆற்றின் குறுக்கே நிற்கும் சான்மென்சியா அணை. சோவியத் வல்லுநர்கள் வடிவமைத்த அந்த அணையில் 1960-இல் தண்ணீர் தேக்கத் தொடங்கினார்கள். அந்த இடத்தில் ஆறு அப்போது ஆண்டுக்குச் சராசரியாக 160 கோடி டன் வண்டலைச் சுமந்து வந்தது. மேட்டுநிலங்களில் மண்ணரிப்பைத் தடுத்தால் இது சீக்கிரம் குறைந்துவிடும் என்று நம்பியே கணக்குப் போட்டிருந்தார்கள். சிங்குவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹுவாங் வான்லி 1957-இலேயே எதிர்த்தார். கட்டித்தான் தீருவோம் என்றால், கட்டுமானத்தின்போது ஆற்றைத் திருப்பிவிட வைத்த அடித்திறப்புகளையாவது மூடாதீர்கள் என்றார். பன்னிரண்டையும் கான்கிரீட் போட்டு அடைத்தார்கள்.

முதல் ஒன்றரை ஆண்டில் சுமார் 150 கோடி டன் படிந்தது. வண்டல் அணையின் காலடியில்தான் சேரும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், தேங்கிய நீரைத் தொடும் இடத்திலேயே ஆறு வேகமிழந்து கனமான மணலைப் போட்டுவிடும். அந்த மேடு அங்கிருந்து ஆற்றின் மேல்பக்கமாகவும் வளரும். வெய் ஆறு வந்து கலக்கும் டோங்குவானில் படுகை நாலரை மீட்டர் அளவுக்கு உயர்ந்தது. வெய் சமவெளி வயல்களில் நீர் தேங்கி உவர் பூத்தது. சியான் நகரத்துக்கே வெள்ள அபாயம் வந்தது. பிறகு வண்டலை வெளியேற்றக் கரைப்பாறையைக் குடைந்து சுரங்கம் போட்டார்கள். அடைத்த திறப்புகளில் எட்டை 1970–71-இல் மறுபடி திறந்தார்கள். 1,160 மெகாவாட்டுக்குத் திட்டமிட்ட மின்நிலையம் 250 மெகாவாட்டாகச் சுருங்கிப்போனது.

சீனாவின் யாங்சி ஆற்றில் த்ரீ கோர்ஜஸ் அணையை வடிவமைத்தவர்கள் இதை மறக்கவில்லை. அதன் நிறைமட்டம் 175 மீட்டர். வெள்ளக் காலத்துக்கு முன் 145 மீட்டருக்கு இறக்கி, கலங்கல் நீரை ஓடவிட்டு, வெள்ளம் ஓய்ந்தபின் வரும் தெளிந்த நீரைத் தேக்குகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆண்டுதோறும் முப்பது மீட்டர் ஏறி இறங்கும் தண்ணீர் கரைச்சரிவுகளைத் தளர்த்துகிறது. பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஊர்பெயர்த்த கணக்கு வேறு. அதை எந்த மெகாவாட்டிலும் கழிக்க முடியாது என்பது என் கருத்து.

மீனுக்கு வருகிறேன். யாங்சியின் நான்கு பெரிய கெண்டை இனங்கள், தண்ணீர் 18 டிகிரியை எட்டி, வெள்ளமும் ஏறும்போதுதான் முட்டையிடும். ஆழமான தேக்கம் வசந்தத்தில் மெதுவாகவே சூடேறுவதால் அந்தப் பருவம் தள்ளிப்போனது. வெள்ளத்தின் ஏற்றமும் மழுங்கியது. 2011 முதல் மே, ஜூன் மாதங்களில் சில நாட்களுக்கு நீர்வெளியேற்றத்தைப் படிப்படியாகக் கூட்டி, ஏற்றத்தைச் செயற்கையாக உண்டாக்கிப் பார்க்கிறார்கள். இது கெண்டைக்கு உதவும். ஆனால் த்ரீ கோர்ஜஸுக்குக் கீழே 1981-இல் ஆற்றை மறித்த கெசோபா அணையில் மீன்வழியே இல்லை. மேலே போய் முட்டையிட்டுவந்த சீனத் துடுப்புமூக்கு மீனை எந்த நீர்வெளியேற்றமும் காப்பாற்றியிருக்காது. அந்த இனம் அற்றுப்போனதாக 2022-இல் அறிவித்தார்கள்.

சுற்றுச்சூழல் அறிக்கை எழுதுபவர்கள் பெரும்பாலும் அழைக்கப்படுவது அணையின் இடமும் உயரமும் மதகும் முடிவான பிறகுதான். எனக்கு இதில் தீராத கோபம் உண்டு. அடிமதகு எளிதான வேலையல்ல. அத்தனை உயர நீரின் அழுத்தத்தில் மணலும் கல்லும் உராய்ந்து கதவையும் தளத்தையும் தின்றுவிடும், செலவும் அதிகம். அதனால்தான் செலவைக் குறைக்கச் சொன்னதும் அதில் கை வைக்கிறார்கள். அப்போது நான், மதகை நீக்கினால் மிச்சமாகும் தொகையை ஒரு பத்தியில் எழுதி, ஐம்பதாவது ஆண்டில் மிஞ்சும் கொள்ளளவையும் மின் உற்பத்தியையும் பக்கத்துப் பத்தியில் எழுதிக் கொடுக்கிறேன். கையெழுத்துப் போடுகிறவர் இரண்டையும் ஒரே தாளில் பார்க்கட்டும்.