பசுமைக்குச் சாட்சி எங்கே?

ஒரு செய்தியைப் பிறருக்கு எடுத்துரைக்கும் கணமே அதற்கு நாமும் சாட்சியாகி விடுகிறோம். இணையதளத்தின் அடியில் எழுதப்படும் ஒற்றை வரிக்கும் இவ்விதி பொருந்தும்.

இணையதளம் ஆகாயத்தில் மிதப்பதன்று. எங்கோ ஒரு கட்டடத்தில், இரவும் பகலும் ஓயாத கணினிகளில் அது குடியிருக்கிறது. அவற்றை இயக்கவும் குளிர்விக்கவும் மின்சாரம் வேண்டும். 2024-இல் உலகத் தரவு மையங்கள் ஏறத்தாழ 41,500 கோடி யூனிட் மின்சாரத்தைச் செலவிட்டன. இது உலக மின்செலவில் சுமார் 1.5 விழுக்காடு என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்கு. அதில் பாதிக்கு மேற்பட்டது நிலக்கரியிலும் எரிவாயுவிலும் பிறந்தது.

நாம் தொகுத்துவரும் அரபு–தமிழ்ச் சொற்பட்டியலுக்கு ஐரோப்பிய நிறுவனம் ஒன்றிடம் இடம் வாடகைக்குப் பேசிய மாணவர், “ஹஜ்ரத், ‘இப்பக்கம் பசுமை மின்சாரத்தால் இயங்குகிறது’ என்று எழுதிவிடலாமா? அவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள்” என்று வினவினார். சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தொட்டுப் பார்ப்பது நாம் ஓதிய கல்வி தந்த பழக்கம். விசாரிக்கச் சொன்னோம்.

மின்சாரத்துக்கு நிறமில்லை. காற்றாலை தந்ததும் அனல் நிலையம் தந்ததும் ஒரே கம்பியில் கலந்துவிடுகின்றன. ஆதலின் ஐரோப்பாவில், புதுப்பிக்கத்தக்க மின்சாரம் 1000 யூனிட்டுக்கு ஒன்றாகப் பிறப்புச் சான்று வழங்குகின்றனர். அச்சான்றை மின்சாரத்திலிருந்து பிரித்துத் தனியே விற்கலாம். வாங்கியவர் அதைத் தம் கணக்கில் ரத்துச் செய்த பின்னரே பசுமைக்கு உரிமை கொண்டாடலாம்.

இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. ஐஸ்லாந்தின் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் ஆற்றுநீரிலும் பூமியின் வெப்பத்திலும் விளைவது. ஆயினும் சான்றுகள் வெளிநாடுகளுக்கு விற்கப்பட்டமையால், ஏட்டுக் கணக்கில் அந்நாட்டார் நிலக்கரி மின்சாரமும் அணு மின்சாரமும் நுகர்வோராயினர். விற்ற பசுமையையே அங்குள்ள ஆலைகளும் தமதென்று சொல்லிக்கொள்வதாக ஐயம் எழவே, 2023-இல் ஐரோப்பியச் சான்று அமைப்பு அந்நாட்டின் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்தி வைத்தது. விற்ற பண்டம் இன்னும் தன் பெட்டியில்தான் இருக்கிறது என்பவனின் பேச்சு எந்த அங்காடியில் செல்லும்?

நெதர்லாந்தின் கிரீன் வெப் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பு, இடம் தரும் நிறுவனங்களிடம் ஆதாரம் பெற்றுப் பட்டியலிடுகிறது. தளத்தின் முகவரியை இட்டால் எவரும் பார்க்கலாம். பட்டியலில் பெயரில்லாமை குற்றத்துக்குச் சான்றன்று. ஆதாரம் இன்னும் வந்து சேரவில்லை என்பதே அதன் பொருள்.

நம் நிறுவனத்தின் பெயர் அதில் இல்லை. எனவே மூன்று கேள்விகள் அனுப்பினோம்: கணினிகள் நிற்கும் கட்டடம் எவருடையது? சான்றுகள் எவர் பெயரில், எந்த ஆண்டுக்கு ரத்துச் செய்யப்பட்டன? அவை மொத்தச் செலவுக்கும் ஈடாகுமா? முதலில் ஓர் இலையின் படம் வந்தது. மீண்டும் கேட்டபின் கட்டட உரிமையாளரின் தாள் வந்தது. அதில் ஆண்டு இருந்தது, அளவு இல்லை. அந்த வரியை எழுதாமல் விட்டோம்.

இதனால் அந்நிறுவனம் பொய்யுரைத்தது என்று நாம் சொல்லவில்லை. அளவு தெரியாத ஒன்றுக்கு நாம் கையொப்பமிடவில்லை, அவ்வளவே. நண்பகலின் சூரிய மின்சாரத்துக்கு வாங்கிய சான்று, நள்ளிரவில் எரிந்த நிலக்கரியை இல்லாமல் ஆக்கிவிடாது. ஆண்டுக் கணக்கு நேரானாலும் மணிக் கணக்கு எஞ்சியே நிற்கும். கேட்பவர் பெருகினால் காட்டுபவரும் பெருகுவர். இலையின் படத்தைக் கண்டு மனநிறைவு கொள்வோமாயின், புகை எழும் இடம் நம் கண்ணுக்குத் தொலைவாகுமேயன்றி, புகை குறையாது.